ஏழு மாத்திரை அவளுக்கு, ஏழு எனக்கு

கண்ணு,

வெள்ளிக்கிழமை அனுப்பப்போகிறேன் என்று சொன்னாயே, அந்த மனுவை இதைப் படித்து முடிக்கும்வரை அனுப்பாதே. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பாதியில் குறுக்கே வந்துவிடுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இப்படியே பத்து நாள் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ வெளிநாட்டுக்கு விமானம் ஏறிவிட்டால் அப்புறம் இந்தப் பேச்சை எடுக்க எனக்கு வாய் வராது. அதனால்தான் மதியச் சாப்பாடு முடிந்ததும் எழுத உட்கார்ந்தேன். நாளைக்குக் காலையில் கூரியரில் போட்டுவிடுவேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், கையில் முன்போலத் தெம்பு இல்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளேட்லெட் இறங்கிவிட்டதால் புது மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். என் பிளேட்லெட் நன்றாகத்தான் இருக்கிறது. நான் செய்த தப்புக்காக நிறுத்தினார்கள். என்னோடு சேர்த்து இன்னொருத்திக்கும் நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு அந்த மாத்திரை என்னைவிட அவசியம். மகனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டதால்தான் உனக்கு அங்கிருந்து எந்தச் சேதியும் வரவில்லை. எனக்காக நீ மருந்துக் கம்பெனிக்கு மனு எழுதும் முன்னால் அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ பிளஸ் டூ முடித்துவிட்டு மெக்கானிக்கல் வேண்டாம், உயிரியல்தான் படிப்பேன் என்று நின்றபோது உன்னோடு மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை லேத்தைத் தொடாமல் போகிறானே என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். சொந்தக்காரர்கள் கேட்டால் என்னமோ பூச்சி புழு படிக்கிறான் என்று சொல்லிச் சமாளிப்பேன். உன் அப்பாதான் படிச்சுட்டுப் போறான் உடு என்று என்னை அடக்குவார். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் நீ எதைப் படிக்கிறாய் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எலும்புக்குள் மஜ்ஜையில் தழும்பு ஏறிக்கொண்டு வருகிறது, மஜ்ஜையின் வேலையையும் சேர்த்துச் சுமப்பதால் மண்ணீரல் வீங்கிப்போயிருக்கிறது என்று டாக்டர் எனக்குச் சொன்ன அன்றைக்குத்தான் கேட்டேன். அதற்கு நீ என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டாமல் பெங்களூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, சமையல்கட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாய். அந்த மத்தியானத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நீ பேசிக்கொண்டே வெங்காயம் உரித்தாய், ஒன்றைக்கூட ஒழுங்காக உரிக்கவில்லை.

நூல்கண்டிலிருந்து ஆரம்பித்தாய். உடம்பில் எந்தச் செல்லை எடுத்தாலும் ஒரே டிராயிங்தான், அது நூல்போலச் சின்னச் சின்ன உருண்டைகளில் சுற்றிக் கிடக்கிறது, அந்த உருண்டைகளின் வாலில் சில அடையாளங்கள் ஏறும் இறங்கும் என்றாய். அடையாளம் போடுகிற புரதம் ஒன்று, அழிக்கிறது ஒன்று, வந்து வாசிக்கிறது ஒன்று. வாசிக்கிற புரதம் எங்கே போய் ஒட்டிக்கொள்கிறதோ அங்கே வேலை தொடங்கிவிடும். எபிஜெனெடிக்ஸ் என்ற பெயர் என் வாயில் நுழைய ஒரு வாரம் ஆனது. விஷயம் உடனே பிடிபட்டது. இருபது வருடம் நம் பட்டறையில் நான் செய்ததே அதுதானே. ஃபவுண்டரியிலிருந்து வார்ப்பு வந்து இறங்கும், எல்லாம் ஒரே அச்சு. நான் சாக்பீஸால் டிக் போட்டதை மணி லேத்தில் ஏற்றுவான், வட்டம் போட்டதைத் தேய்ப்பான், பெருக்கல் போட்டதை மூலையில் தள்ளிவிடுவான். ஒரு தடவை அழிக்காமல் விட்ட பழைய டிக்கை நம்பி ஒரு லோடையே தப்பான அளவில் கடைந்துபோட்டான். டிராயிங்கில் ஒரு தப்பும் இல்லை. வாசிக்க வேண்டாததை வாசித்துவிட்டான், அவ்வளவுதான்.

என் மஜ்ஜையிலும் அப்படித்தான் என்றாய். வாசிக்கிற புரதம், வீக்கத்தையும் தழும்பையும் கூட்டுகிற இடங்களில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. புது மாத்திரை டிராயிங்கைத் தொடாது, அடையாளத்தையும் அழிக்காது. அந்தப் புரதம் அடையாளத்தைப் பிடிப்பதற்கு வைத்திருக்கிற குழிக்குள் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். மணியின் கையில் ஒரு டம்ளர் டீயைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டால் எப்படிக் கடைவான், அதுதானே என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டு, கிட்டத்தட்ட அதேதான், ஆனால் மணி நல்ல வேலையையும் சேர்த்து நிறுத்திவிடுவான் என்றாய். ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட்டும் அதே வாசிப்பை நம்பித்தான் உண்டாகிறது. அதனால்தான் இரண்டு வாரம் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு, ஒவ்வொரு தடவையும் ரத்தப் பரிசோதனை. ரத்தத்தைப் பார்த்துத்தான் டாக்டர் அளவைக் கூட்டுவார், குறைப்பார்.

ஆஸ்பத்திரியில் அந்தப் புது மாத்திரை ஆராய்ச்சியில் சேர்ந்த அன்றைக்கு நீயும் பக்கத்தில் இருந்தாய். இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கிற பழைய மாத்திரை எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் சிலருக்குப் புது மாத்திரை, சிலருக்கு அதே நிறத்தில் அதே அளவில் மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. மாத்திரை கொடுத்துக் கணக்கெடுக்கிற அந்தப் பெண் ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் படித்துக் காட்டினாள். மாத்திரையை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். யாருக்கு எதுன்னு தெரியாம இருக்கறதுலதாம்மா இதோட உசுரே இருக்குது என்று நீ என் காதோடு சொன்னாய். நானும் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன்.

சரசுவை இரண்டாவது தடவை போனபோது பார்த்தேன். வெள்ளகோவிலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள், அதே நோய், அதே ஆராய்ச்சி. முருங்கைக்காய் மண்டியில் கட்டுக் கட்டுகிற வேலை. பிள்ளைகள் இல்லை, வீட்டுக்காரருக்குக் கண் பார்வை போய்விட்டது. ரத்தம் கொடுத்துவிட்டு நான் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தபோது, ஏனுங்க்கா, வெறும் வயித்தோட இருக்காதீங்க என்று ஒரு டப்பா மூடியில் எலுமிச்சைச் சாதத்தை வைத்து நீட்டினாள். பெயர் கேட்காமல் சாப்பாடு கொடுத்தவள். அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அவளைப் பார்ப்பதற்கென்றே போகிற மாதிரி ஆகிவிட்டது. அங்கே உட்கார்ந்திருக்கிற நேரம் ஒரு தினுசான நேரம் கண்ணு. ஏசி சத்தம், எங்கோ ஒரு டிவி, யாரோ பெயர் கூப்பிடுவது எல்லாம் தூரத்தில் கேட்கும். நாங்கள் இருவரும் பாதித் தூக்கத்தில் பேசிக்கொண்டிருப்போம். ஒருத்தி கனவை விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுத்துச் சொல்வாள். அவளுக்கு ஓயாமல் தண்ணீர் வருகிற கனவு. எனக்கும் தண்ணீர்தான், ஆனால் எனக்கு அது சத்தியமங்கலம் பவானி. நீயும் அப்பாவும் கரையில் நிற்பீர்கள், நான் மல்லாந்து மிதந்துகொண்டிருப்பேன், என் வயிற்றில் கனமே இருக்காது.

மாத்திரை ஆரம்பித்து நாலைந்து வாரத்தில் எனக்கு நிஜமாகவே வயிறு லேசானது. நாலு வாய் சாதம் கூடுதலாக இறங்கியது. நான் இதைச் சொன்னபோது சரசு சந்தோஷப்பட்டாள். அப்புறம், "உங்களுக்கு மருந்துதானுங்க்கா வந்திருக்குது. எனக்கு வெறும் மாத்திரையாத்தான் இருக்கும். எனக்கு எதுல நல்லது வந்திருக்குது, இதுல வர்றதுக்கு?" என்றாள். அழவில்லை. பஸ் வர நேரமாகும் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அவள் கேட்கவே இல்லை, இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். நான்தான் சொன்னேன். அன்றைக்கு இரண்டு பேருக்கும் பதினாலு பதினாலு மாத்திரை கொடுத்திருந்தார்கள். கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய், என் பாட்டிலில் இருந்து ஏழை அவள் பாட்டிலிலும், அவள் பாட்டிலில் இருந்து ஏழை என் பாட்டிலிலும் போட்டேன். யாருக்கு மருந்து வந்திருந்தாலும் ஆளுக்குப் பாதி கிடைத்துவிடும் அல்லவா? பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது எண்ணிக்கையும் சரியாக இருக்கும். ஒருத்தரைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நாம் மட்டும் சாப்பிடுகிற பழக்கம் நம் வீட்டில் எப்போது இருந்தது? உனக்குக் காய்ச்சல் வந்து சிரப் வாங்கினால், மாடி வீட்டுப் பெண் இருமினாலும் பாதியை ஊற்றிக் கொடுத்து அனுப்புகிறவள்தானே நான். இதையும் அப்படித்தான் நினைத்தேன்.

முழுக்கப் புண்ணியக் காரியம் என்று நினைத்துவிடாதே. மனதில் ஒரு மூலையில் வேறொரு கணக்கும் இருந்தது. எனக்கு வந்ததுதான் வெறும் மாத்திரையோ, வயிறு லேசானது என் பிரமையோ என்று ஒரு பயம். அப்படி இருந்தால் அவளுடைய மருந்தில் பாதி எனக்குக் கிடைக்குமே. அதை அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதல்முதலில் சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதன் பிறகு வந்த நாட்கள் நன்றாக இருந்தன கண்ணு, பொய் சொல்ல மாட்டேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற நேரம். மதியம் கட்டிலில் படுத்தால் ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்கும், பக்கத்துப் பட்டறையின் லேத் சத்தம் தாலாட்டுப்போலக் கேட்கும். என் எலும்புகளுக்குள் சின்னச் சின்ன ஆட்கள் நூல்கண்டுகளுக்கு நடுவே நடந்து போகிற மாதிரி தோன்றும். ஒவ்வொரு அடையாளத்தின் முன்னாலும் நின்று குனிந்து பார்ப்பார்கள். சிலர் படிக்காமலே நகர்ந்துவிடுவார்கள். நகர்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். அதே நேரத்தில் வெள்ளகோவிலில் சரசுவின் எலும்புக்குள்ளும் அவர்கள் நகர்ந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தபடி தூங்கிப்போவேன். அவளுக்கும் வயிறு சுருங்கியது. குனிந்து கட்டுக் கட்ட முடிகிறது என்று போனில் சொன்னாள். ஊட்டுக்காரரைக் கைப்பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாளாம்.

அடுத்த தடவை டாக்டர் என் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, நன்றாகத் தாங்குகிறது, அளவைக் கூட்டலாம் என்றார். எனக்கு தினம் ஒன்று இரண்டானது. சரசுவின் பிளேட்லெட் கொஞ்சம் இறங்கியிருந்ததால் அவளுக்கு ஒன்றிலேயே நிறுத்திவைத்தார். நான் அதையும் பங்கு போட்டேன். என் இருபத்தெட்டில் பதினாலை அவளுக்குக் கொடுத்து அவளுடைய ஏழை வாங்கிக்கொண்டேன். ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று டாக்டர் சொன்ன உடம்புக்கு, சில நாள் இரண்டு போகும்படி செய்தவள் நான். நீ சொல்லிக்கொடுத்ததெல்லாம் என் தலையில்தான் இருந்தது. மாத்திரை நல்ல வாசிப்பையும் சேர்த்து நிறுத்தும் என்று தெரியும். ரத்தத்தைப் பார்த்துத்தான் அளவு என்று தெரியும். தெரிந்தது கைக்கு வரவில்லை. கொடுக்கிற சந்தோஷத்தில் கண் மறைத்துவிட்டது.

அந்தச் சுற்று முடிந்து ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில், காங்கேயம் தாண்டி பஸ்ஸில் அவளுக்கு மூக்கில் ரத்தம் வந்திருக்கிறது. முந்தானை முழுக்க நனைந்து, நிற்காத ரத்தத்தோடு வந்து சேர்ந்தாள். உடனே படுக்க வைத்து, பிளேட்லெட் ஏற்றினார்கள். நான் அவள் காலடியில் நின்றேன். டாக்டர் வந்து அவளிடம் பொறுமையாகக் கேட்டார். கொடுத்த அளவுக்கு இவ்வளவு இறங்கக் கூடாதே, வேறு ஏதாவது சாப்பிட்டீர்களா, நாட்டு மருந்து, வலி மாத்திரை, எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள் என்றார். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு, ஒண்ணுமில்லீங்க, நீங்க குடுத்தது மட்டுந்தானுங்க என்றாள்.

மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு எனக்காகப் பொய் சொன்னாள். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிடம் எனக்கும் தோன்றியது. சொன்னால் இரண்டு பேருக்கும் மாத்திரை போய்விடும். அவளுக்குக் குனிய முடியாது, எனக்குச் சாதம் இறங்காது. சொல்லாவிட்டால் டாக்டர் தப்பான காரணத்தை நம்பி அடுத்த அளவைத் தீர்மானிப்பார். அப்புறம் அவள் உயிரோடு பஸ் இறங்குவாளோ மாட்டாளோ.

"அவங்க சொல்றது பொய்யிங்க. அவங்க பாட்டில்ல இருந்ததுல பாதிக்கு மேல என் மாத்திரைங்க. நான்தானுங்க குடுத்தேன்."

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, எந்தத் தேதியில் எத்தனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். தமிழில் படித்துக் காட்டிய பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான்கு நாள் கழித்து முடிவு சொன்னார்கள். இரண்டு பேருக்கும் புது மாத்திரை நிறுத்தம். பழைய மாத்திரை தொடரும், பரிசோதனைக்கு மட்டும் வர வேண்டும். யாருக்கு வந்தது மருந்து, யாருக்கு வந்தது வெறும் மாத்திரை, இல்லை இருவருக்குமே மருந்துதானா என்று கேட்டேன். ஆராய்ச்சி முழுதும் முடியும்வரை அதைத் திறந்து பார்க்க மாட்டார்களாம். எங்கள் ரத்தம் சொன்ன எதையும் இனி இந்தப் பக்கமும் வைக்க முடியாது, அந்தப் பக்கமும் வைக்க முடியாது என்றார் டாக்டர். எங்களுக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்காக எடுத்த அத்தனை ரத்தமும் வீண். என் காதோடு நீ சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன், அம்மா சொல்கிறாள் என்று தள்ளிவிடாதே. நீயும் இனிமேல் அங்கே போய் இப்படி மாத்திரை கண்டுபிடிக்கிறவர்களோடுதான் இருக்கப்போகிறாய். அதைச் சாப்பிடப்போகிறவர்கள் தனித்தனி எண்கள் இல்லை, பேசிக்கொள்வார்கள், டப்பா திறந்து சாப்பாடு கொடுத்துக்கொள்வார்கள், ஒருத்தர் கஷ்டம் இன்னொருத்தருக்குப் பொறுக்காது. கொடுக்கக் கூடாது என்று படித்துக் காட்டினால் மட்டும் போதாது. கொடுத்தால் அந்த ஆளுக்கே என்ன ஆகும் என்று, மூக்கில் ரத்தம் வரும் என்று, யாராவது எனக்குப் பச்சையாகச் சொல்லியிருந்தால் என் கை நின்றிருக்கும். இது என் தப்பை மூடி மறைக்கச் சொல்லும் சாக்கு இல்லை.

இப்போது அந்த மனு. ஆராய்ச்சிக்கு வெளியே, தனியாகக் கேட்டு, கம்பெனி மனம் வைத்தால் மருந்தை வாங்கலாம் என்றாய். ஒன்றும் நிச்சயமில்லை என்றும் சொன்னாய். டாக்டரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றாய். நான் போய் அவரைக் கேட்டேன். சரசுவுக்குப் பிளேட்லெட் திரும்ப ஏறியிருக்கிறது, சரியான அளவில் கண்காணிப்போடு கொடுத்தால் அவளுக்கும் கேட்கலாம், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். எனக்கு வயிறு கொஞ்சம் கனக்கிறது, அவ்வளவுதான், இட்லி இறங்குகிறது. அவளுக்குப் பழையபடி இடுப்புவரை வீங்கிவிட்டது. மண்டிக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது. வீட்டுக்காரர் தடவித் தடவிச் சோறு ஆக்குகிறாராம். அவளுடைய ரிப்போர்ட்டுகளை வாங்கி இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டாள். மகன் பார்ப்பான் என்றேன். "மொதல்ல உங்களுக்குப் பாக்கச் சொல்லுங்க்கா, எனக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருக்கலாம் அவள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ பயணத்தை நிறுத்தாதே. எனக்கு மணியின் வீட்டில் இருந்து சாப்பாடு வருகிறது, பரிசோதனைக்குப் போக ஆட்டோ இருக்கிறது. அங்கே குளிரில் தலையில் துணி கட்டாமல் சுற்றாதே. எனக்கு ஒரு மகன் இருக்கிறான், படித்தவன், ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்தவன். அவளுக்கு அப்படி யாரும் இல்லை. அதனால் மனுவில் அவள் பெயரை முதலில் எழுது, என் பெயர் அதற்குக் கீழே இருக்கட்டும். ஒருத்தருக்குத்தான் கொடுக்க முடியும் என்று பதில் வந்தால் என்னைக் கேட்காதே, எனக்குப் போன் போடாதே, என் பெயரை நீயே உன் கையால் கோடு போட்டு அடித்துவிடு.

அம்மா